ஞாயிறு மதியம் பொங்கிவரும் சாக்கடை: கிரீஸ் டிராப் பற்றி ஒரு வாசகருக்குப் பதில்

கேள்வி: திருச்சியில் என் அப்பா தொடங்கிய அசைவ உணவகத்தை நான்கு ஆண்டுகளாக நான் நடத்தி வருகிறேன். 60 பேர் உட்காரலாம். காலையில் இட்லி, தோசை, மதியம் சாப்பாடு, பிரியாணி, இரவில் பரோட்டா. வாடகைக் கட்டடம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை சமையலறைக் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொள்கிறது. அதுவும் பெரும்பாலும் ஞாயிறு மதியம், வாசலில் கூட்டம் நிற்கும்போதுதான். வாடிக்கையாளர் கை கழுவும் இடத்தில் தரை ஜாலி வழியாகக் கறுத்த தண்ணீர் மேலே வருகிறது. கழிவுநீரில் வரும் எண்ணெயையும் கொழுப்பையும் பிடித்து வைக்கும் கிரீஸ் டிராப் தொட்டியை வைக்கச் சொல்லி மாநகராட்சி அறிவிப்பும் வந்துவிட்டது. சிங்க்குக்கு அடியில் வைக்கும் 50 லிட்டர் எவர்சில்வர் பெட்டி போதும் என்கிறார் பாத்திரக் கடைக்காரர். பின்பக்கச் சந்தில் மூன்று கிணற்று உறை இறக்கிவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை என்கிறார் கொத்தனார். இன்னொருவர் பாக்டீரியாப் பொடி விற்கிறார். அதைப் போட்டால் தொட்டியைத் திறக்கவே வேண்டாமாம். யாரை நம்புவது? வைத்த பிறகு எத்தனை நாளுக்கு ஒருமுறை, யாரை வைத்துச் சுத்தம் செய்வது? சந்து நாலரை அடி அகலம். சிங்க்குகள் இரண்டு, ஒவ்வொன்றும் 60க்கு 45 செ.மீ., ஆழம் 30 செ.மீ. அண்டாக்களைத் தரையில் வைத்துத்தான் கழுவுகிறோம்.

— உணவக உரிமையாளர், திருச்சி

பதில்: வணக்கம் சகோதரி.

சிங்க்கை அளந்து எழுதியிருக்கிறீர்கள். அதற்கே முதல் நன்றி. சமையலறை வடிகால் வேலையில் எனக்கு இருபத்தாறு ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆலோசனை கேட்பவர்கள் நாற்காலிக் கணக்கைச் சொல்வார்கள், கட்டடத்தின் சதுர அடியைச் சொல்வார்கள், வாடகையைக்கூடச் சொல்வார்கள். தண்ணீர் எங்கிருந்து, எவ்வளவு, என்ன வேகத்தில் வருகிறது என்று சொல்பவர் அபூர்வம்.

மூவரில் யாரை நம்புவது என்றால், யாரையும் வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இப்போதுள்ள குழாயைச் சமையலறையிலிருந்து தெருச் சேம்பர் (குழாய்கள் சேரும் மூடி போட்ட குழி) வரை, அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சும் ஜெட் வண்டியால் முழுவதுமாக அடித்துவிடுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வருகிறவர் கம்பியை விட்டுக் குத்தி, உள்ளே படிந்திருக்கும் கொழுப்பில் ஓர் ஓட்டை போட்டுவிட்டுப் போகிறார். நான்கு அங்குலக் குழாயில் இரண்டு விரல் நுழையும் ஓட்டை, அவ்வளவுதான். திங்கள் முதல் சனி வரை வரும் தண்ணீருக்கு அது போதும். ஞாயிறு மதியம் இரண்டு சிங்க்கும் ஒரே நேரத்தில் திறக்கிறது, பிரியாணி அண்டா கழுவிய தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது. அந்த ஓட்டைக்கு அது அதிகம். போக வழியில்லாத தண்ணீர் இருப்பதிலேயே தாழ்ந்த வாயைத் தேடும்; உங்கள் கடையில் அது கை கழுவும் இடத்து ஜாலி. இந்தப் பழைய படிவை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாகத் தொட்டி வைத்தால், அடுத்த மாதமும் அடைக்கும். பழி தொட்டியின் தலையில் விழும்.

இனி கிரீஸ் டிராப். பெயரைக் கேட்டால் ஏதோ இயந்திரம் போலத் தோன்றும். உள்ளே ஓடுகிற பொருள் ஒன்றும் கிடையாது. வேகமாக வரும் தண்ணீரைச் சற்று நேரம் சும்மா நிற்க வைக்கும் தொட்டி அது. எண்ணெய் தண்ணீரைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு எடை குறைவு. நிற்க விட்டால் மேலே ஏறும். சோறும் மாவும் அடியில் தங்கும். நடுவில் இருக்கும் தண்ணீர் மட்டும் வெளியே போகும். மேலே ஏறியதையும் அடியில் தங்கியதையும் அந்தத் தொட்டி எதுவும் செய்வதில்லை. நீங்கள் வந்து எடுக்கும்வரை பிடித்து வைத்திருக்கும். எடுக்கவில்லை என்றால் இடம் நிரம்பி, அடுத்து வரும் கொழுப்பு நிற்காமல் தெருவுக்குப் போய்விடும். ‘தொட்டி வைத்தும் அடைக்கிறது’ என்று என்னிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் முடிகின்றன.

‘சற்று நேரம்’ என்றேனே, அது எவ்வளவு? ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள எண்ணெய்த் துளி அசையாத தண்ணீரில் ஒரு மீட்டர் ஏறுவதற்கு ஏறக்குறைய அரைமணி நேரம் பிடிக்கும். துளி அதில் பாதி அளவாகிவிட்டால் நேரம் இரு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. கொதிக்கிற தண்ணீரும் பாத்திரம் விளக்கும் திரவமும் செய்கிற காரியமே எண்ணெயைப் பொடித்துளியாக உடைப்பதுதான். பாத்திரத்துக்கு அது நல்லது, தொட்டிக்கு எதிரி. அதனால் திரவத்தை ஊற்றுகிற கையைக் கொஞ்சம் சுருக்கச் சொல்லுங்கள்.

திருச்சி வெயிலில் எண்ணெய் உறையவே உறையாதே, பிறகு எப்படிப் பிடிபடும் என்று சிலர் கேட்பார்கள். உறையவேண்டியதில்லை, மிதந்தால் போதும். ஆட்டுக் கொழுப்பும் டால்டாவும் தொட்டியிலேயே கட்டியாகிவிடும், பாமாயில் எண்ணெயாகவே மிதக்கும், இரண்டும் மேல்பக்கம்தான். தொட்டியைத் தாண்டிப் போனால்தான் சிக்கல். பாதாளச் சாக்கடையின் சிமெண்டிலும் தண்ணீரிலும் இருக்கிற கால்சியத்தோடு கொழுப்பு அமிலம் சேர்ந்து, சோப்புப் போல, ஆனால் கரையாத கட்டியாக இறுகிவிடுகிறது. 2017இல் லண்டனில் ஒயிட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் 250 மீட்டர் நீளத்துக்கு இப்படியொரு கட்டி கிடைத்தது; எடை 130 டன் என்றார்கள். அதில் ஒரு துண்டை அருங்காட்சியகத்தில் வைத்து ஊரே வந்து பார்த்தது. உங்கள் தெருவில் இருப்பது அதன் தம்பி.

எவர்சில்வர் பெட்டிக்கு வருகிறேன். உங்கள் சிங்க் ஒன்றின் கொள்ளளவு 60 × 45 × 30 = 81,000 கன செ.மீ., அதாவது 81 லிட்டர். இரண்டுக்கும் 162. விளிம்புவரை யாரும் நிரப்புவதில்லை, முக்கால் பங்கு என்று வைத்தால் ஏறக்குறைய 120 லிட்டர். இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் இரண்டு நிமிடத்தில் வடியும் என்று கொள்வோம்: நிமிடத்துக்கு 60 லிட்டர். அண்டா கழுவும் குழாயில் நிமிடத்துக்கு 20 லிட்டர் என்று போட்டிருக்கிறேன். 20 லிட்டர் வாளியை வைத்து எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று நீங்களே பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். ஆக 80 லிட்டர். 50 லிட்டர் பெட்டியில் இந்தத் தண்ணீர் நிற்கும் நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை.

சிறிய பெட்டி எல்லாமே ஏமாற்று என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் 1949 முதல் இதற்கென்று ஒரு சோதனைத் தரம் இருக்கிறது. பெட்டிக்குமுன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் துண்டு ஒன்றைப் பொருத்தி, உள்ளே தடுப்புத் தகடுகளைக் கணக்காக அமைத்து, வந்த கொழுப்பில் 90 சதவீதத்தையாவது பிடிக்கிறதா என்று பார்த்துத்தான் சான்று கொடுப்பார்கள். நிமிடத்துக்கு 20 காலன், அதாவது ஏறக்குறைய 75 லிட்டர் ஓட்டத்துக்கான பெட்டி 40 பவுண்டு (18 கிலோ) கொழுப்பைத் தாங்கவேண்டும் என்பது அந்தத் தரத்தின் கணக்கு. ஆகவே கடைக்காரரிடம் ‘எத்தனை லிட்டர் பெட்டி’ என்று கேட்காதீர்கள். ‘நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓட்டத்துக்கு? எத்தனை கிலோ கொழுப்பு பிடிக்கும்?’ என்று கேளுங்கள். முகம் மாறினால், நடுவில் ஒரு தகடு வைத்த எவர்சில்வர் டப்பாவை விற்கிறார் என்று பொருள்.

கொத்தனார் சொல்லும் உறை இன்னும் ஆபத்து. கிணற்று உறையை இறக்கிவிட்டு அடியில் மண்ணாகவே விடுவது அவர்கள் வழக்கம். தண்ணீர் பூமிக்குள் போய்விடும், ‘ஆயுசுக்கும் கவலையில்லை’ என்பதன் பொருள் அதுதான். சில மாதத்தில் கொழுப்பு மண்ணின் துளைகளை அடைத்துவிடும். அதுவரை அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டு ஆழ்துளைக் கிணற்றைத் தேடிப் போகும். அடியில் கான்கிரீட் போட்டாலும் உறைகளின் இணைப்புகள் கசியும். கசியும் தொட்டியில் நீர்மட்டம் இறங்கும், மட்டம் இறங்கினால் மிதக்கும் கொழுப்பும் இறங்கி வெளியேறும் வாய்க்கே வந்து நிற்கும்.

சந்தில் இடம் இருப்பதால் என் யோசனை வெளித்தொட்டிதான். 80 லிட்டர், 30 நிமிடம்: 2,400 லிட்டர். உள்ளளவு 90 செ.மீ. அகலம், 3 மீட்டர் நீளம், நீர் நிற்கும் ஆழம் 90 செ.மீ. என்றால் 2,430 லிட்டர் வருகிறது. நீளத்தைக் குறைத்து ஆழத்தைக் கூட்டலாம் என்று கொத்தனார் சொல்வார். வேண்டாம். நாலரை அடிச் சந்தில் இரண்டு பக்கமும் சுவர் நிற்கிறது. அஸ்திவாரத்தை ஒட்டி ஆழமாகத் தோண்டுவது விளையாட்டல்ல. இந்த அளவுக்கே, தோண்டும் முன் ஒரு கட்டடப் பொறியாளரை வந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் கூடாது என்றால், ஓட்ட அளவும் சான்றும் உள்ள சிறு பெட்டிகளைச் சிங்க்குக்கு ஒன்றாக வைத்து, தரையில் கழுவும் தண்ணீருக்கும் தனியாக ஒன்று வைத்து, தினமும் கொழுப்பை வழிக்கும் வழிக்குப் போகவேண்டியதுதான். அது உழைப்பு அதிகமான வழி. தினமும் என்றால் தினமும்.

தொட்டியைக் கான்கிரீட்டில் கட்டலாம், ஃபைபரில் ஆயத்தமாகவும் கிடைக்கிறது. செங்கல் வைத்துப் பூசினால், உள்ளே புளிக்கும் தண்ணீரின் அமிலத்தில் பூச்சு சில ஆண்டுகளில் உதிரும். எதுவானாலும் கட்டி முடித்ததும் தண்ணீர் நிரப்பி, மட்டத்தில் சாக்கட்டிக் கோடு போட்டு, ஒரு நாள் முழுக்க விட்டுப் பாருங்கள். கோடு இறங்கினால் கொத்தனாருக்கு மீதிப் பணம் இல்லை.

உள்ளமைப்பில் நான் விட்டுக்கொடுக்காதவை சில உண்டு. மூன்று மீட்டரில் இரண்டு மீட்டர் தள்ளி ஒரு குறுக்குச் சுவர். தண்ணீர் அதன் மேல்வழியாகப் போகக்கூடாது, கீழ்ப்பகுதியில் விட்ட திறப்பு வழியாகத்தான் அடுத்த அறைக்குப் போகவேண்டும். உள்ளே வரும் குழாய்க்கும் வெளியே போகும் குழாய்க்கும் ‘டீ’ (ஆங்கில T வடிவக் குழாய் இணைப்பு) போட்டு, கீழ்க்காலை நீட்டவேண்டும். வெளியேறும் டீயின் கால் நீர்மட்டத்துக்குக் கீழே 60 செ.மீ. இறங்கட்டும், தரைக்கு மேலே 30 செ.மீ. மிச்சமிருக்கும், வண்டல் அங்கே தங்கும். டீயின் மேல்வாய் திறந்தே இருக்கட்டும், அடைப்பு வந்தால் குத்த அதுதான் வழி. வெளியேறும் குழாய், உள்ளே வரும் குழாயைவிட 5 செ.மீ. தாழ்வாக இருக்கவேண்டும். சமையலறையிலிருந்து வரும் குழாய்க்குச் சரிவு அடிக்குக் கால் அங்குலம். வாயு போக ஒரு குழாயைச் சுவரோரமாக மாடிக்குமேல் கொண்டுபோங்கள். தொட்டியைத் தாண்டி ஒரு சிறிய சேம்பர்: அதிகாரிகள் வந்தால் தண்ணீர் எடுத்துப் பார்ப்பது அங்கேதான், தொட்டி சரியாக வேலை செய்கிறதா என்று நீங்கள் எட்டிப் பார்ப்பதும் அங்கேதான்.

மூடியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் என் வாழ்க்கையின் பெரிய அவமானம் ஒரு மூடியால் வந்தது. ஓர் உணவகத்துக்கு எல்லாம் சரியாகக் கணக்குப் போட்டு, அழகாகத் தொட்டி கட்டிக் கொடுத்தேன். மேலே கடப்பாக் கல். தூக்க நான்கு பேர் வேண்டும். சில வருடம் கழித்து அடைப்பு என்று கூப்பிட்டார்கள். கல்லைப் புரட்டினால் தண்ணீரே தெரியவில்லை. பழைய சுண்ணாம்புத் தரை போலச் சாம்பல் நிறத்தில் ஒரு பரப்பு. நாங்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சந்தில் திரிந்த ஒரு பூனை இந்தக் கரையில் இறங்கி, அதன்மேல் நடந்து, அந்தக் கரையில் ஏறிப் போனது. கட்டிய நாள் முதல் யாரும் திறக்கவே இல்லை. அடி வண்டலைக் கிளறியபோது பதினான்கு கரண்டிகளும் ஒரு டம்ளரும் கிடைத்தன. தப்பு அவர்களுடையது என்று அப்போது கத்தினேன். நான்கு பேர் தூக்கவேண்டிய மூடியைப் போட்டது நான். உங்களுக்கு இரண்டு மூடிகள் வேண்டும், உள்வாய்க்கு மேலே ஒன்று, வெளிவாய்க்கு மேலே ஒன்று. ஓர் ஆள் ஒரு கையால் தூக்கும் எடை, கைப்பிடி, ஓரத்தில் ரப்பர், பூட்டு. பூட்டு எதற்கு என்றால் குழந்தைகளுக்காக.

எந்தத் தண்ணீர் தொட்டிக்குள் வரலாம்? சிங்க், அண்டா கழுவும் தரை, கிரைண்டர் கழுவும் தண்ணீர், மூன்றும் வரட்டும். மூன்றுக்கும் ஜாலி வேண்டும். வாடிக்கையாளர் கை கழுவும் தண்ணீரைத் தொட்டிக்குள் விடாதீர்கள்: அதில் கொழுப்பு கொஞ்சம், தண்ணீர் ஏராளம், அது வந்து நிற்கிற தண்ணீரைக் கலக்கிவிடும். அதைத் தொட்டிக்கு அடுத்துள்ள சேம்பரில் சேருங்கள். மழைத் தண்ணீரும் கூடாது. கழிவறைக் குழாய் பக்கத்திலேயே வரக்கூடாது.

வடிகஞ்சிதான் எங்கள் தொழிலில் யாரும் பேசாத எதிரி. அது கொழுப்பல்ல, ஆனால் சூடாக வந்து மேலே இருக்கும் கொழுப்பை இளக்குகிறது, மாவுச்சத்து அடியில் தங்கிப் புளித்து அழுகிய முட்டை வாடை கிளப்புகிறது. ஒரு டிரம்மில் பிடித்து மாடு வைத்திருப்பவருக்குக் கொடுங்கள். திருச்சியில் மாட்டுக்கா பஞ்சம்?

அடுத்தது எச்சில் தட்டு. ஒரு தட்டில் ஒட்டியிருக்கும் சால்னா எண்ணெய் 5 மில்லி என்று வைத்தாலும் 200 தட்டுக்கு ஒரு லிட்டர் ஆகிவிடுகிறது. பாத்திரம் விளக்குபவர் தண்ணீரைத் திறக்கும் முன் தட்டைக் குப்பைக் கூடையில் வழிக்கட்டும். சால்னா அண்டாவைப் பழைய செய்தித்தாளால் துடைக்கட்டும். பரோட்டாக் கல்லில் சுரண்டிய கொழுப்பை மாஸ்டர் எங்கே தள்ளுகிறார் என்று இன்று இரவு நின்று பாருங்கள். நான் பார்த்த முக்கால்வாசிக் கடைகளில் அது ஒரு குவளைத் தண்ணீரோடு ஜாலிக்குள் போகிறது. பெரிய தொட்டி கட்டும் செலவைவிட அந்த ஒரு பழக்கத்தை மாற்றுவது மலிவு. மாஸ்டர் கோபித்துக்கொள்வார், நல்ல பரோட்டா மாஸ்டர் கிடைப்பது தொட்டி கட்டுவதைவிடக் கஷ்டம் என்பதும் எனக்குத் தெரியும். பக்குவமாகச் சொல்லுங்கள்.

பொரித்த எண்ணெய் ஒரு சொட்டும் உள்ளே வரக்கூடாது. மொத்தத் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் மறுபடி மறுபடி காயும்போது உருவாகும் கெட்ட பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் இருக்கிறது. அதே ஆண்டில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், பழைய எண்ணெயைப் பயோடீசலுக்குத் திருப்பும் ‘ரூகோ’ திட்டத்தைத் தொடங்கியது. பதிவு பெற்ற சேகரிப்பாளருக்குக் கொடுத்தால் காசும் வரும், ரசீதும் வரும். கேனோடு வந்து வாசலில் நிற்கும் முகம் தெரியாத ஆளுக்குக் கொடுக்காதீர்கள். அது எங்கே போய் மறுபடி வடைச் சட்டியில் விழும் என்று சொல்ல முடியாது.

பாக்டீரியாப் பொடி. இதில் இரண்டு வகை விற்கிறார்கள். நொதி மட்டும் உள்ளது கொழுப்பை உடைத்துக் கொழுப்பு அமிலமாக்கும். அது தண்ணீரோடு தொட்டியைத் தாண்டிப் போய், நான் மேலே சொன்ன கால்சியக் கட்டியாகும். உங்கள் அடைப்பு தெருவின் அடைப்பாக மாறியிருக்கும், அவ்வளவுதான். உயிருள்ள பாக்டீரியா மெதுவாகக் கொஞ்சம் தின்னும், வாடையும் குறையலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது; நீங்கள் ஊற்றும் பிளீச்சிங்கும் கொதிநீரும் அதைக் கொன்றும்விடும். அடியில் கிடக்கும் கரண்டியையும் சோற்றையும் எந்தப் பொடியும் தின்னாது. ‘திறக்கவே வேண்டாம்’ என்று யார் சொன்னாலும் வாசலைக் காட்டுங்கள். ஆசிட், காஸ்டிக் சோடா இரண்டையும் கடையில் வாங்கியே வைக்காதீர்கள். ஒன்று கான்கிரீட்டைத் தின்னும், மற்றொன்று கொழுப்பைச் சோப்பாக்கிக் கீழே அனுப்பும். கொதிநீர் ஊற்றுவதும் அதே கதைதான்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்வது என்பதற்கு நாள் கணக்கு சொல்ல மாட்டேன், அளவு சொல்கிறேன். மிதக்கும் கொழுப்பும் அடி வண்டலும் சேர்ந்து நீர் ஆழத்தில் நான்கில் ஒரு பங்கைத் தொட்டால் காலி செய்யவேண்டும். உங்கள் தொட்டிக்கு 90இல் நான்கில் ஒரு பங்கு, ஏறக்குறைய 22 செ.மீ. அளப்பதற்கு உள்ளே யாரும் எட்டிக்கூடப் பார்க்கவேண்டாம். ஒன்றரை மீட்டர் மரச்சட்டத்தின் நுனியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகட்டைத் தட்டையாக அடித்துக்கொள்ளுங்கள். காலையில், குழாயைத் திறக்கும் முன், மூடியைத் திறந்து மெதுவாக இறக்குங்கள். கொழுப்பில் போகும்போது கையில் தடை தெரியும். அதைத் தாண்டியதும் சட்டென்று வழுக்கிப் போகும். அந்த இடத்தில் நீர்மட்டத்துக்கு நேராகச் சட்டத்தில் ஒரு கோடு. இன்னும் இறக்கினால் மறுபடி மெத்தென்று தட்டும்: வண்டலின் மேற்பரப்பு. அங்கே ஒரு கோடு. தகடு தரையில் ‘டக்’கென்று உட்காரும் இடத்தில் மூன்றாவது கோடு. முதல் கோடுவரை கொழுப்பு. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே வண்டல். இரண்டையும் கூட்டுங்கள். முதல் இரண்டு மாதம் வாரம் ஒருமுறை அளந்து எழுதிவந்தால், உங்கள் தொட்டியின் கணக்கு உங்களுக்கே பிடிபட்டுவிடும். வாரத்துக்கு 4 செ.மீ. ஏறினால் ஐந்து வாரம். மெதுவாகவே ஏறினாலும் மூன்று மாதத்தைத் தாண்டவிடாதீர்கள், வண்டல் அழுகத் தொடங்கிவிடும்.

காலி செய்வது உறிஞ்சும் லாரியின் வேலை. மேலே உள்ள கொழுப்பை மட்டும் உறிஞ்சிவிட்டு ‘முடிந்தது’ என்று ஓட்டுநர் கிளம்பப் பார்ப்பார். இரண்டு அறையும் அடிவரை காலியாகவேண்டும், சுவரையும் டீயையும் மேலே நின்றபடி நீண்ட கைப்பிடிச் சுரண்டியால் வழிக்கவேண்டும். லாரிக்கு உரிமம் இருக்கிறதா, எங்கே கொட்டப்போகிறார் என்று கேட்டு ரசீது வாங்குங்கள். உங்கள் கொழுப்பு மழைநீர் வடிகாலில் இறங்கினால் கெட்ட பெயர் உங்களுக்குத்தான். எல்லாம் முடிந்ததும் எல்லோரும் மறக்கும் ஒரு காரியம்: தொட்டியை நல்ல தண்ணீரால் மட்டம்வரை நிரப்பிவிட்டுத்தான் சமையலறையைத் திறக்கவேண்டும். காலித் தொட்டியில் விழும் எண்ணெய் தரையோடு கிடந்து, நீர்மட்டம் ஏறும்போது டீயின் காலுக்குள் புகுந்துவிடும். அதுவரை சாக்கடை வாடையைத் தடுக்கவும் உள்ளே தண்ணீர் இருக்காது. தண்ணீர்ப் பஞ்ச மாதத்தில் 2,400 லிட்டர் கொடுமைதான். முந்தின நாளே பிடித்து வையுங்கள்.

‘யாரை வைத்து’ என்று கேட்டிருந்தீர்கள். யாரையும் உள்ளே இறக்கி அல்ல, ஒருபோதும். பாத்திரம் விளக்கும் அம்மாவின் மகன் வந்து ஐந்து நிமிடத்தில் இறங்கி அள்ளிவிடுவான் என்று யாராவது சொல்வார்கள். மூடிய தொட்டியில் சோறும் கொழுப்பும் அழுகும்போது வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடியதும் மூக்கே மரத்துப் போய் நாற்றம் தெரியாது. நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குபவர் விழுவார்; அவரைத் தூக்கக் குதிப்பவரும் விழுவார். சாக்கடைகளிலும் கழிவுநீர்த் தொட்டிகளிலும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடை மரணத்துக்கு இழப்பீடு 30 லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உயர்த்தியது. அந்தச் சட்டம் மனிதக் கழிவு போகும் தொட்டியைத்தானே சொல்கிறது, இது எண்ணெய்த் தொட்டிதானே என்று ஒருவர் என்னிடம் வாதாடியிருக்கிறார். வாயுவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எந்த வேலையும் மேலே நின்று, கையுறையோடு, மூடி திறந்து காற்றாட விட்ட பிறகுதான்.

மாநகராட்சிக்கு என்ன காட்டுவது? பொதுச் சாக்கடையில் விடும் கழிவுநீரில் எண்ணெயும் கொழுப்பும் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது மத்திய அரசின் பொதுத் தரம். நேர்மையாகச் சொன்னால், சோப்பில் கலந்த எண்ணெயைத் தொட்டி மட்டும் வைத்து எப்போதும் அந்த அளவுக்குள் கொண்டுவருவது கடினம். ஆனால் தொட்டியின் வரைபடம், வாரந்தோறும் அளந்து எழுதிய நோட்டு, லாரி ரசீது, பழைய எண்ணெய் ரசீது ஆகியவற்றை மேசையில் வைத்துப் பேசுபவரிடம் அதிகாரிகள் பேசும் தொனியே வேறு. கட்டட உரிமையாளரிடம் சந்தில் தோண்ட எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கடையை மாற்றும்போது தொட்டி யாருடையது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். அறிவிப்பில் கொடுத்திருக்கும் கெடு போதாது என்றால், வரைபடத்தை இணைத்து அவகாசம் கேட்டு இந்த வாரமே ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜெட் வண்டி வரும் நாளில் தெருச் சேம்பர் பக்கம் நின்று, என்ன வெளியே வருகிறது என்று பாருங்கள். வெள்ளைக் கட்டியாக வந்தால் மேலே போட்ட கணக்கு அப்படியே பொருந்தும். கறுப்பு மண்ணும் வேரும் வந்தால் குழாய் எங்கோ உடைந்திருக்கிறது. தொட்டிக்குப் பள்ளம் தோண்டும் முன் எனக்கு மறுபடி எழுதுங்கள்.